கூட்டக் குறிப்பில் அடிக்கப்பட்ட சொல்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை மருத்துவராகத் தெரியும். ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

அக்கா அம்பத்தூரில் பிறந்தார். அப்பா தொழிற்பேட்டையில் ஃபிட்டர். இரவு ஷிப்டு முடிந்து அவர் பகலில் உறங்குவதால், அக்கா சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பார். அப்படிப் படித்தே அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். முப்பது ஆண்டுக்கு மேல் அரசுப் பணி. கடைசிப் பத்தாண்டு பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில். நான் கோட்டையில், தலைமைச் செயலக நிதித் துறையில் பிரிவு அலுவலர். நூம்பலில் ஒரே வீடு. கீழே அக்காவும் மாமாவும், மாடியில் நாங்கள்.

அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வுக் கோரிக்கை பல ஆண்டுகளாகக் கிடந்தது. சுகாதாரத் துறை கோப்பை அனுப்பும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டு நாங்கள் திருப்புவோம். அக்கா மருத்துவர் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தார். கோப்பு என் பிரிவுக்கு வந்த அன்றே உறவை எழுத்தில் தெரிவித்தேன். "நீங்க கோப்புல கை வைக்க வேணாம். கூட்டக் குறிப்பு மட்டும் எழுதுங்க. வாயத் தொறக்கக் கூடாது" என்றார் மேலதிகாரி. வீட்டிலும் அந்தப் பேச்சு கூடாது என்று அக்கா சட்டம் போட்டார். மாமாவுக்கு வேடிக்கை. "கீழ சங்கம், மேல சர்க்காரு. நான் நடுப்படியில குந்திகினு கீறேன். யாராச்சும் ஒரு காப்பி குடுங்கப்பா" என்பார்.

போராட்ட நாட்களிலும் அக்கா கறுப்புப் பட்டை அணிந்து புறநோயாளிகளைப் பார்த்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் பஷீர் பாய் ஒரு நாள் கேட்டாராம்:

"இன்னா டாக்டரம்மா, ஸ்டிரைக்குன்னாங்க, நீ பாட்டுக்கு ஊசி போட்டுகினு கீற?"

"கோவம் கோட்டை மேல, உன் சுகர் மேல இல்ல. காலைல இன்னா துன்ன?"

"ரெண்டு பரோட்டா."

"அப்போ உன் மேலயும் கோவந்தான்."

கடைசிச் சுற்றுப் பேச்சுவார்த்தை ஒரு பிற்பகலில் நடந்தது. நீலத் திரைச்சீலை வழியே வந்த வெளிச்சத்தில் அறை தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. காலையில் ஒரே வீட்டிலிருந்து வேறு வேறு பேருந்தில் வந்த நானும் அக்காவும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம்.

மேலதிகாரி இரண்டு வழிகளைச் சொன்னார். ஓராண்டு முன்தேதியிட்டுப் பாதி உயர்வு. அல்லது ஆணை வெளியாகும் நாள் முதல் முழு உயர்வு. இரண்டையும் சேர்த்துத் தர நிதி இல்லை. ஆணை வர எப்படியும் சில மாதங்கள் ஆகும். அக்காவோ அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முதல் வழியில் அவருக்குப் பாதியாவது கிடைக்கும், ஓய்வூதியமும் கூடும். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வாய் திறக்க அனுமதியில்லை.

அக்கா சன்னலைப் பார்த்தார். அப்பா உறங்கும்போது படித்தாரே, அதே போல உதடு அசைந்தது.

"முழுசா குடுங்க. ஆணை வர்ற நாள்லேருந்தே குடுங்க. இப்ப வேலைக்கு வந்திருக்கிற பசங்க முப்பது வருஷம் வாங்கணும்."

பக்கத்தில் இருந்த இளம் மருத்துவர் பதறினார். "மேடம், உங்களுக்கு?"

"எனக்கா? நான் இனிமே மத்தியானம் தூங்கப் போறேன்ப்பா. எழுதிக்கச் சொல்லுங்க."

என்னைப் பார்க்காமலே சொன்னார். எழுதினேன்.

கூட்டக் குறிப்பின் வரைவு இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் போவது வழக்கம். மறுநாள் மேலதிகாரி என்னை அழைத்து நான்காவது பத்தியைக் காட்டினார். 'ஆணை வெளியாகும் நாள் முதல் முழு உயர்வு என்பதை அக்கா ஏற்றுக்கொண்டார்.' இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஒரு காற்புள்ளிக்காகக்கூட என் குறிப்பு திரும்பியதில்லை. அவர் தம் பேனாவை நீட்டினார். 'அக்கா' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'சங்கப் பிரதிநிதி' என்று எழுதினேன்.

அன்று மாலை அக்கா காப்பியோடு மாடிக்கு வந்தார். டம்ளரை வைத்துவிட்டு, "நாலாவது பத்தி நல்லாருந்துச்சுடா" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. ஆணை வந்தபோது அவர் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது.

படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் கண்களை மூடியபடியே அவர் உதடு அசையும். குனிந்து காதை வைத்தால் கேட்கும்: "அடுத்து யாரு? உள்ள வாங்க."

அந்த நாட்களில் முறை வைத்து வந்து பார்த்த இளம் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் சவாரியை விட்டு வந்த பஷீர் பாய்க்கும், சமைத்துக் கொடுத்த நூம்பல் தெருவினருக்கும் மாமாவும் நாங்களும் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அச்சகத்தார் பிழை திருத்த இந்தப் பக்கத்தின் மெய்ப்பைக் கொடுத்தார்கள். மூன்று முறை படித்தேன். 'அக்கா' என்று வந்த இடங்கள் எதையும் அடிக்கவில்லை.