எஸ்தரின் படிவத்தில் என் எண்

எஸ்தர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் துபாயின் சத்வா பகுதியில் ஒரு தையல் கடையில் நின்றிருந்தேன். அலுவலகத்திலிருந்து முருகேசன் பேசினார். "சார், எஸ்தர் மேடம் காலைல எந்திரிக்கவே இல்லையாம். பக்கத்து ரூம்காரங்க போன் பண்ணாங்க." நான் சரி என்று சொல்லிவிட்டு, ரசீதை நீட்டி, தைத்த கால்சட்டையையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யூதப் பெண். வீட்டில் மராட்டி, வெளியே அசல் சென்னைத் தமிழ். நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில், அன்று தனியாக வந்து டியூட்டி பார்த்து, அதற்கு ஈடாகச் சனிக்கிழமை லீவு வாங்குவார். யூதர்களின் ஓய்வுநாள் அப்போதே தொடங்குவதால், வெள்ளி மாலை சூரியன் இறங்கினால் அவருடைய போன் அணைந்துவிடும்.

அவர் ஒன்பது வருடமாக மாப்பிள்ளை தேடியது உங்களில் பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை ஓய்வையும் உணவு விதிகளையும் விடாதவராக இருக்க வேண்டும். வளைகுடாவில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தன்னைப் பற்றி ஒரு பக்கப் படிவம் எழுதி, சம்பந்தம் பேசும் பெண்மணிகளிடம் கொடுப்பார்கள். அடியில், தன்னை அறிந்த இரண்டு மூன்று பேரின் போன் எண் இருக்கும். நேரில் பார்க்கும் முன்போ, பேச்சு முற்றும் முன்போ, மாப்பிள்ளை வீட்டார் அவர்களை அழைத்து விசாரிப்பார்கள். எஸ்தர் என் எண்ணைப் போட்டார். எனக்குப் பேச வராதே என்றேன். "அதனாலதான் சார். பேசத் தெரிஞ்சவங்க சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான்."

படிவத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். முதல் படிவத்தில் எதிர்பார்ப்புகள் பதினொரு வரி. உயரம், படிப்பு, வயது, முன்பு மணமாகாதவர், இந்தியாவில் குடியேறச் சம்மதிப்பவர். ஒவ்வொரு வருடமும் இரண்டொரு வரியை நீக்கச் சொல்வார். "இன்னும் எவ்ளோதான் கொறைச்சிக்கணும் சார்?" என்று ஒருநாள் கேட்டார். வரியை நீக்கிவிட்டு, இடைவெளியைச் சரிசெய்தேன்.

லண்டனிலிருந்து வந்த ஒருவரை ஹோட்டல் வரவேற்பறையில் பார்க்கப் போய், முக்கால் மணியில் திரும்பிவிட்டார். தேநீர் தாமதமானதற்கு அந்த மனிதர் பரிமாறியவரைப் பார்த்துக் கத்தினாராம். "வேலை செய்றவங்க மேல எரிஞ்சு விழறவன், என்கிட்ட எத்தினி நாள் அடக்கி வெச்சிப்பான்?" இன்னொருவர் முழு உயரப் புகைப்படம் கேட்டார். இன்னொருவர், இந்தியாவில் இருப்பவர்கள் உண்மையில் யூதர்கள்தானா என்று கேட்டார். அன்று எஸ்தர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எங்க முப்பாட்டன்லாம் செக்கு ஓட்னவங்க சார். சனிக்கெழம செக்கு ஓடாது. ஊரே கேலி பண்ணும். அவ்ளோ தலைமுறை சும்மா குந்தினு இருந்தது வேஸ்ட்டா?" சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

பிறகு பஹ்ரைனில், மனாமாவில் வேலை பார்த்த ஒருவரோடு மூன்று வாரம் போனில் பேசினார். "சனிக்கெழம மத்தியானம் என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. தூங்குவேன்னேன். நானும்னாரு. அவ்ளோதான் சார், எனக்குப் புடிச்சிப் போச்சு." அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எஸ்தரைப் பார்க்கத் துபாய்க்கு வருவதாக இருந்தது.

அதற்கு மூன்று நாள் முன்பு அந்த மனாமாக்காரரின் அக்கா என்னை அழைத்தார். நான் கேள்விகளை ஊகித்து ஒரு தாளில் பதில் எழுதி வைத்திருந்தேன். கோபம் வருமா, கீழே வேலை செய்பவர்களை எப்படி நடத்துவார், எல்லாம் கேட்டார். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கடைசியில், "வேறு ஏதாவது நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்றார். முப்பது வருடம் கோப்புகளைச் சரிபார்த்தவன் நான். குறிப்புகள் என்ற கட்டம் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன். சிறுவயதுக் காய்ச்சலில் எஸ்தரின் இதய வால்வு பழுதானது, தினமும் மாத்திரை சாப்பிடுவது, ஒருமுறை அலுவலகப் படிக்கட்டில் மூச்சுத் திணறி நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை நானே போய் எஸ்தரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சொன்னது பொய்யில்ல சார். ஆனா ஞாயித்துக்கெழம அவர் மூஞ்சியப் பாத்து நான் சொல்லணும்னு இருந்தேன். அது நான் சொல்ல வேண்டியது." எஸ்தர் வாயால் நேரில் கேட்டிருந்தால் அந்த மனிதர் விலகாமல் இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

அடுத்த மாதம் புதிய படிவம் அடிக்கச் சொன்னார். எதிர்பார்ப்பில் ஒரே வரிதான் மிஞ்சியிருந்தது: சனிக்கிழமை வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். அடியில் என் எண் அப்படியே இருந்தது. என் எண் வேண்டாம் என்று கெஞ்சினேன். "இனிமே நீங்கதான் சார் பத்திரமா பேசுவீங்க" என்றார். அந்தப் படிவத்துக்காக யாருமே அழைக்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்து, அவர் போய்விட்டார்.

எஸ்தரின் அண்ணன் வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோனார். படிவம் இன்னும் எத்தனை ஊர்களில் யார் யார் கையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் என் விசா முடிகிறது, நானும் ஊருக்குப் போகிறேன். விசா முடிந்தால் என் பெயரில் எண் நிற்காது என்பதால், படிவத்தில் இருக்கும் இந்த எண்ணை முருகேசன் பெயருக்கு மாற்றி, ரோமிங் போட்டு, சிம்மை என்னோடு எடுத்துப் போகிறேன். எஸ்தரின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். யாராவது அழைத்து எஸ்தரைப் பற்றிக் கேட்டால், கேட்பதற்கு மட்டும் பதில் சொல்வேன். அவர் நல்லவரா என்றால், ஆம். இன்னும் காத்திருக்கிறாரா என்று அவர்கள் கேட்கும்வரை, அவர் போய்விட்டதைச் சொல்ல மாட்டேன்.