உச்சமுனை இறங்குதுறையில் ஐந்து போல்ட்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள உச்சமுனைத் தீவுக்குத் தனியாகப் போய் வந்தேன். இருபது மாணவர்களோடு போயிருக்க வேண்டிய பயணம்.

எனக்குப் பட்டம் இல்லை. படகு இயந்திரம் திருத்தித் திருத்தியே பொறியியல் கற்றவன். ஆனாலும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நான்கு வருடம் ஒழுக்கநெறி வகுப்பு எடுத்தேன். விதிகளை மனப்பாடம் செய்ய விடமாட்டேன். மாணவர் தான் கட்டியதைப் பிறகு போய்ப் பார்த்து, தன் பிழையை அதைப் பாவிக்கிறவரிடம் நேரே சொல்ல வேண்டும். சொல்லிப் பழகினால்தான் நேர்மை வரும். இதற்கு எப்படிப் புள்ளி போடுவது என்று கேட்டு நிர்வாகத்தினர் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். சென்ற வருடம் என் மாணவர்கள் கட்டிய இறங்குதுறையைப் படமெடுத்து, நிர்வாகத்தினர் மேசையில் போட்டு வகுப்பை மீட்கத்தான் புறப்பட்டேன்.

சிலாபத்தில் காலை 5.40 பஸ். பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடிக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பக்கத்து இருக்கையில் என் பைதான் இருந்தது. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் தெரிந்தபோது கேள்வி கேட்க ஆள் தேடித் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

கற்பிட்டியிலிருந்து தனிப்படகு 4,000 ரூபாய், நாற்பது நிமிடம். இறங்கும்போது படகோட்டி பெனடிக்ற் என் கையைப் பிடித்தார். “நடுவால போங்க சேர், ஓரத்துப் பலகை ஆடும்.”

குனிந்து பார்த்தேன். ஐந்து போல்ட் துருவில் பாதியாகியிருந்தன. “உப்புத் தண்ணிக்கு இது தாங்காது சேர், ஸ்டெயின்லெஸ் போடுவம்” என்று துறை கட்டும்போதே ரிஸ்னா என்ற மாணவி சொன்னாள். “கடலை எனக்குப் படிப்பிக்காதே” என்று அவள் வாயை அடைத்தவன் நான்.

மேலிருந்து எடுத்திருந்தால் துரு தெரியாது, படம் அழகாகவே வந்திருக்கும். நான் செய்வதைப் பார்க்க மாணவர் ஒருவரும் இல்லை.

கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த தீவுக்காரி பிலோமினாவிடம் போய், “துறையின் பிழை என்னுடையது, பிள்ளைகளுடையதல்ல” என்றேன்.

“இதைச் சொல்லவா மாஸ்டர் இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு ஸ்பேனராவது கொண்டு வந்திருக்கலாமே!” என்றார் அவர். பெனடிக்ற் சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை. “போன கிழமை நண்டுக் கூடையோட நான் விழுந்தன். அப்ப ஆரும் வரல்ல.”

துரு தெரியும்படி படத்தைக் கீழிருந்தே எடுத்தேன். பிழை என்னுடையதென்று எழுதி, என் பெயரோடு கல்லூரிக்கும் ரிஸ்னாவுக்கும் அனுப்பினேன். கல்லூரி அதையே காரணமாக்கி வகுப்பை ஒரேயடியாக மூடிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த முறை சரிதான்; அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிசகியவன் நான். ரிஸ்னாவிடமிருந்து பதில் இல்லை.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன் படகேறுங்கள், பிறகு காற்று எழும். குடிதண்ணீர் கொண்டு போங்கள். துறையில் நடுப்பலகையில் மட்டும் நடந்து போங்கள். வரும் சனிக்கிழமை ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு போகிறேன். படகில் ஆறு பேருக்கு இடமுண்டு. இதுவரை நான் ஒருவன்தான்.