சந்தனப் பொட்டுக்கு அடியில்

எங்க அப்பாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி சிதம்பரம் டவுனுக்குள்ள, எங்க வீடு டவுனைத் தாண்டிப் பள்ளத்துல. கொள்ளிடத்துல தண்ணி ஜாஸ்தியானா எங்க தெரு முங்கிடும். அப்படி ஒரு மழையில ஒரு தவணை தவறிப்போய், அப்பா மூச்சு முட்டிச் சாகக் கிடந்தார். அதுக்கப்புறம்தான் காத்தடிக்கிற ரப்பர் போட் ஒண்ணைக் கடலூர்ல பழசா வாங்கிவந்தேன்.

வந்ததும் தெரிஞ்சது, ஓட்டை போட். சாயங்காலம் அடிச்சு வெச்சா காலையில தொளதொளன்னு கிடக்கும். மனைவியோட தம்பி தேவனாம்பட்டினத்துல ஃபைபர் படகு ரிப்பேர் பண்றவன். மச்சானைக் கூப்பிட்டேன். பிரஷ்ஷால சோப்புத் தண்ணி தடவி, நுரை கிளம்பின இடத்தையெல்லாம் பேனாவால வட்டம் போட்டு, காயவெச்சுத் தேய்ச்சு, பசை தடவி நாலு ஒட்டு ஒட்டினான். அப்பவும் காலையில லேசாத் தளர்ந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. ஊசி முனை அளவுதான். வர்ற வாரம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிட்டுப் போனான்.

நடுவுல ஆயுத பூஜை வந்தது. அன்னிக்கு எங்க வீட்டுல அருவாமணையிலேருந்து பைக் வரைக்கும் எதுவும் பொட்டு வெக்காம தப்பாது. மனைவி அந்த ரப்பர் போட்டுக்கும் சந்தனத்தைத் தாராளமா அப்பி, குங்குமம் வெச்சா. மறுநாள் காலையில பார்த்தா போட் கல்லு மாதிரி நிக்குது. மூணு நாள் ஆகியும் இறங்கலை. ஒட்டினது பிடிச்சிருச்சுன்னு எனக்குத் தலைகால் புரியலை.

மச்சான் வந்து, தட்டிப் பார்த்தான். முகம் தெளியலை.

"தானா எப்படி மாமா நிக்கும்? அந்தப் பொட்டத் தொடச்சிட்டு சோப்பு போட்டுப் பாக்கலாம்."

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "பூஜை போட்ட பொட்டை அழிக்கச் சொல்றியா? அது தானா உதிரணும். உன் வேலையைப் பாருடா."

அவன் பொட்டுங்களை விட்டுட்டுச் சுத்திலும் சோப்பு தடவினான். ஒரு நுரை இல்லை. பார்த்தியான்னு வேற கேட்டேன்.

ஐப்பசி மழை மூணு நாளா விடாம பேஞ்சு, தெருவுல மார்பளவு தண்ணி ஏறிச்சு. அன்னிக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். காலெல்லாம் வீங்கி, படுக்க முடியாம உட்கார்ந்தே மூச்சு வாங்கிட்டிருந்தார். போட்டுல உட்காரவெச்சு நானும், துணைக்கு வந்து தங்கியிருந்த மச்சானும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிட்டுப் போனோம். மெயின் ரோட்டுல ஆட்டோ நிக்குது. பம்ப்பை வீட்டுலயே விட்டுட்டேன், அவ்வளவு தெனாவெட்டு.

பாதி தூரத்துல என் பக்கத்துத் தண்ணி சிவப்பா ஓடிச்சு. குங்குமம். சந்தனம் கரைஞ்சு வழுக்கிட்டு விழுந்த இடத்துல உஸ்ஸுன்னு சத்தம். கட்டைவிரலால அமுக்கினேன், நின்னது. ஆனா அடுத்து வாய்க்கால் மதகு. தண்ணி இழுக்குது. ரெண்டு கையும் இல்லாம போட்டைப் பிடிக்க முடியாது. விரலை எடுத்தா அப்பா உட்கார்ந்திருக்கிற பக்கம் இறங்குது. மச்சான் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தாக்கூட தேவலை.

"கையை எடுடா" என்றார் அப்பா. குனிஞ்சு, தன் வலது கட்டைவிரலை அந்த ஓட்டை மேல வெச்சார். "அமுக்குறது எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸ் முடிஞ்சு ஊசியைப் பிடுங்கினதும் இடது கையில ரத்தம் நிக்கிற வரைக்கும் பஞ்சை அப்படித்தான் அமுக்கிப் பிடிச்சுக்குவார். யாரையும் தொடவிட மாட்டார். அன்னிக்கு அரைமணி நேரம், மெயின் ரோடு வர்ற வரைக்கும், மூச்சு இரைக்க இரைக்க, அந்த விரலை எடுக்கலை.

ஆஸ்பத்திரியில எல்லாம் முடிஞ்சு நர்ஸ் ஊசியை எடுத்து, பஞ்சை வெச்சாங்க. அப்பாவோட கட்டைவிரல் மடங்கலை, நகக்கண்ணுல குங்குமம்.

"விரல் ஓஞ்சுபோச்சு. இன்னிக்கு நீ அமுக்குடா" என்றார்.

அமுக்கினேன். பஞ்சுக்கு அடியில ரத்தம் துடிச்சுத் துடிச்சு முட்டிச்சு. பத்து நிமிஷம் போதும்னு நர்ஸ் சொன்னாங்க. அவங்க ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனப்புறமும் நான் கையை எடுக்கலை.