மணிக்கட்டில் இரண்டு விரல்

ஹிஸ்காவிடம் கை குலுக்கினால் அவ்வளவு சுலபத்தில் கையைத் திரும்பப் பெற முடியாது. அவளது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாமாகவே நழுவி உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் போய் உட்கார்ந்துவிடும். ரொட்டிக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை, போல்ஸ்வர்ட் ஊரில் அவளிடம் நாடி கொடுக்காதவர் கிடையாது. "என்னய்யா, இந்தக் குதி குதிக்குது? மாடிப்படி ஏறி வந்தியா, இல்ல வீட்ல சண்டையா?" என்பாள். மாட்டிக்கொண்டவர் அசடு வழிவார்.

வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி அவள். ஆறடி உயரம், குரலும் அதற்கேற்ற கனம். பிரசவ வீட்டில் நுழைந்ததும் கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பாள். மறந்துபோன கணவன் தொலைந்தான். "குனிஞ்சே கிடந்தா என் இடுப்பை உங்கம்மாவா வந்து பிடிச்சுவிடுவாங்க?"

ஒவ்வொரு வலியும் அடங்குகிற நேரம் பார்த்து டாப்ளர் கருவியைத் தாயின் வயிற்றில் வைப்பாள். வலி போன பிறகும் பிள்ளையின் இதயம் சோர்ந்தே கிடக்கிறதா, சுதாரித்துக்கொள்கிறதா என்று கேட்பதுதான் அவள் வேலையின் உயிர். அப்போது அறையில் யாரும் இருமக்கூடக் கூடாது. ஒரு கையில் கருவி. மறு கையின் இரண்டு விரல்கள் தாயின் மணிக்கட்டில். முக்குகிற வேகத்தில் தாயின் நாடியும் பிள்ளையின் நாடியைப் போலவே ஓடும். "இந்தப் பெட்டிக்கு ஆத்தா யாரு, பிள்ளை யாருன்னு தெரியுமா? எது துடிச்சாலும் கத்தும்."

போன கோடையில் நின்காவின் முதல் பிரசவம். கணவன் டௌவா, படகுகள் போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிறவன். கட்டிலுக்குக் கட்டைகளைச் சரியாகவே வைத்திருந்தான். நின்கா முக்கி ஓய்ந்ததும் கருவி கணீரென்று ஒலித்தது. திரையில் நூற்று முப்பது.

"கேட்டியா நின்கா! நம்ம பய என்னமா ஓடுறான்!" என்று துள்ளினான் டௌவா.

ஹிஸ்கா துள்ளவில்லை. கருவியின் ஒலியும் விரலடியில் துடித்த நாடியும் பிசகாமல் ஒன்றாகவே விழுந்துகொண்டிருந்தன.

"வாயை மூடு டௌவா. ஓடுறது உன் பொண்டாட்டி. பிள்ளையை இன்னும் கேட்கவே இல்ல."

கருவியை அடிவயிற்றுக்கு இறக்கினாள். சாய்த்தாள், அழுத்தினாள். கடைசியில் அகப்பட்டது வேறொரு துடிப்பு. மெதுவான, தயங்கித் தயங்கி வருகிற துடிப்பு. வலி போய்விட்டது, அது ஏறவில்லை. ஹிஸ்காவின் குரல் மாறவில்லை.

"இடது பக்கமாத் திரும்பு கண்ணு. டௌவா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அப்படியே பாலத்துல இருக்கிற உன் கூட்டாளிகிட்டயும் சொல்லு, படகுக்காரனுங்க எவ்வளவு கத்தினாலும் ஆம்புலன்ஸ் தாண்டுற வரைக்கும் பாலத்தைத் தூக்க வேண்டாம்னு."

"என் பிள்ளைக்கு என்ன?" என்றாள் நின்கா.

"களைச்சுப் போச்சு. சீக்கிரம் வெளியே வந்தாகணும். தலை வாசல்லதான் நிக்குது. அடுத்த வலியில உன்கிட்ட இருக்கிறதெல்லாம் எனக்கு வேணும். திட்டணும்னா என்னைத் திட்டிக்கிட்டே முக்கு."

நின்கா திட்டினாள். பாதிரியார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். மூன்றாம் முக்கலில் பிள்ளை வந்து விழுந்தது. பெண். கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. உடம்பு துவண்டு நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. ஹிஸ்கா சுற்றை அவிழ்த்தாள், துவாலையால் முதுகைத் தேய்த்தாள். காற்றுப்பையின் முகமூடியைப் பிள்ளையின் மூக்கில் பொருத்திக் காற்றை மெல்ல அழுத்தினாள். டௌவா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் அழல? ஹிஸ்கா, ஏன் அழல?"

பிள்ளையின் மார்பு தானாக ஏறி இறங்கத் தொடங்கியதும், அதன் வயிற்றருகே துடிக்கும் கொடியை ஹிஸ்கா ஒரு கையால் பிடித்தாள். மறு கை நின்காவின் மணிக்கட்டைத் தேடிப் போனது. அன்று முழுவதும் அங்கே நாடி பார்த்த அதே இரண்டு விரல்கள் இப்போது அதன்மேல் தட்டத் தொடங்கின. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு இன்னும் வேகமாக, டக்டக்டக்கென்று.

நின்கா அந்த விரல்களையே பார்த்தாள். அது யாருடைய துடிப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்கு முன் அவள்தான் அழுதாள்.

ஹிஸ்கா தட்டுவதை நிறுத்தவில்லை.