ஊர் ரேஷன் கார்டில் மூன்று பெயர்

ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றில் வளர்ந்த என் இரண்டு பிள்ளைகளில் ஒன்று இந்த மாநிலத்துப் பிள்ளை, இன்னொன்று வெளியூர்ப் பிள்ளை என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. பிள்ளைகளா, நான் பத்தாவதோடு லேத் மெஷினுக்கு வந்தவன், எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுங்கள்.

மூத்தவள் பன்னிரண்டாவது முடித்து, இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்ட வருஷம். புனேயில் இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கான இடம் வேண்டுமானால் டொமிசைல் சான்று வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் குடியிருப்பவர் என்று சர்க்கார் எழுதித் தரும் காகிதம் அது. முதல் பட்டியல் வெளிவரும் முன் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் வெளிமாநிலக்காரி. அந்த வரிசையில் நின்றால் அவள் எடுத்த மார்க்குக்கு ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காது. இருந்தது பதினோரு நாள்.

பதினோரு நாள் எதற்கு, ஒரு நாள் போதும் என்று நினைத்துத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு தாசில்தார் ஆபீசுக்குப் போனேன். அவள் பால்வாடியிலிருந்து பன்னிரண்டு வரை படித்தது இங்கே ஆகுர்டியில். அந்த ஆளிடம் அவள்தான் மராட்டியில் பேசினாள். நான் இருபது வருஷமாகப் பேசியும் அப்படி வராது. அவர் சிரித்தார்.

"பொண்ணு நல்லா மராட்டி பேசுது" என்று இந்தியில் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் கொடுத்த சான்றிதழில் பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்தார். திருநெல்வேலி ஜில்லா என்று இருந்தது.

"இங்க பொறக்கலையே?"

"தலைப்பிரசவம் சார். எங்க வழக்கத்துல பொண்ணோட அம்மா வீட்டுலதான். அஞ்சாம் மாசம் கைக்குழந்தையா இங்க வந்துட்டா."

"தம்பி?"

"அவன் இங்கதான், முனிசிபல் ஆஸ்பத்திரில."

"அப்ப பையன் நம்மாளு. பொண்ணு வெளியூரு."

சின்னவனே, உன்னை ஊரில் பெறாமல் போனதற்குக் காரணம் எனக்கு அப்போது லீவு கிடைக்காததுதான். லீவு கொடுக்காத சூப்பர்வைசரை அன்று எவ்வளவு திட்டினேன்! அந்தச் சூப்பர்வைசர்தான் உன்னை இந்த மாநிலத்துப் பிள்ளையாக்கினார் போலிருக்கிறது.

பிறக்காவிட்டால் பரவாயில்லை, அப்பா இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டு என்றார் மேசைக்காரர். வீட்டு ஒப்பந்தம் கேட்டார். பதினோரு மாசத்துக்கு ஒருமுறை எழுதுவது, பாதி வருஷங்கள் எழுதவே இல்லை. வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டேன். அவர் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தைப் பதினான்கு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறோம். "எழுதிக் குடுத்தா நாளைக்கு வீடு என்னுதும்பே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தப் பலகாரத்தை இப்போதும் வாங்குகிறோம். உங்கள் அம்மா சொல்வதற்காக வாங்குகிறேன்.

அடுத்து மேசைக்காரர் ரேஷன் கார்டு கேட்டார். அங்கேதான் நான் மாட்டினேன்.

எங்கள் கார்டு ஊரில் உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. வேலைக்கு வந்தபோது பெயரை எடுக்கவில்லை. கல்யாணமானதும் உங்கள் அம்மா பெயரைச் சேர்த்தேன். மூத்தவள் பிறந்ததும் ஓடிப்போய் அவள் பெயரையும் சேர்த்தேன். இங்கே பிறந்த சின்னவன் பெயரைச் சேர்க்க வாய்க்கவில்லை. பெயர் கார்டில் இருக்கிறவரை ஊர் விட்டுப்போகாது என்று எனக்கு ஒரு எண்ணம். அதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதன் ஜெராக்ஸை நானே எடுத்து நீட்டினேன், புத்திகெட்டவன்.

"நீங்க மூணு பேரும் அங்க குடியிருக்கீங்களே" என்றார் அவர். "முதல்ல அங்க பேர எடுத்த சான்று கொண்டாங்க. மத்த காகிதத்தப் பிறகு பாக்கலாம்."

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நேர்ல வால, பேசிக்கிடலாம்" என்றார். கையெழுத்து வேண்டியிருக்கும் என்று நினைத்து, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஒன்றரை நாள் நின்றும் உட்கார்ந்தும் போனேன்.

போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள், பெரியப்பா பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். பெயர் நீக்கிய சான்று. எங்கள் மூன்று பேருடைய பெயரும் நீக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாம் எல்லோரும் போய் ஆட்டம் போட்டுவிட்டு வந்தோமே பெரியப்பா மகன் கல்யாணம், அதற்கு அடுத்த மாசம். மருமகள் பெயரைச் சேர்க்கப் போனபோது எங்கள் பெயரை எடுத்திருக்கிறார்.

"கடையில எல்லாரும் வந்து கைரேகை வைங்கான். இல்லாத ஆளுக பேர எடுங்கான். நான் என்னல செய்ய?"

"எங்கிட்டச் சொல்லலாம்லா?"

"போன்ல எப்படிச் சொல்ல? உன் பேர வெட்டிட்டேம்னு சொல்லச் சொல்லுதியா?"

"இத ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாப் போதுமே. அங்க என் பிள்ளைக்கு நாள் போகுது. ரெண்டு வருஷமா நான் எந்த ஊர்க்காரன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கேன்."

அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மதினிதான் அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா மாசாமாசம் ரயிலேறி வந்து ரேகை வச்சிருப்பீகளாக்கும்? சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க."

சாப்பிடாமல் கிளம்பினேன். அது தப்பு. அண்ணன் பஸ் ஸ்டாண்டுவரை பின்னாலேயே வந்தார். ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அதில் இட்லி இருந்தது. மதுரை தாண்டித் தின்றேன்.

புனே திரும்பிய மறுநாள் காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றேன். மூத்தவளும் வந்தாள். அதே ஆள் சான்றை முன்னும் பின்னும் திருப்பினார். தமிழில் இருந்ததற்கு நோட்டரியிடம் மொழிபெயர்ப்பு வாங்கி வரச் சொன்னார். அதில் இரண்டு நாள் போனது. கொண்டுபோனதும் தேதியைப் பார்த்தார்.

"பேர எடுத்து ரெண்டு வருஷமாச்சு. இங்கயும் கார்டு இல்ல. அப்ப இந்த ரெண்டு வருஷம் எங்க இருந்தீங்க?"

எனக்கு மேசையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. சத்தியமாகக் கை போய்விட்டது. மூத்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க, நான் பேசுறேன்" என்றாள்.

தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினாள். பதினொன்றாவது, பன்னிரண்டாவது அட்டெண்டன்ஸ், இரண்டு வருஷத்துப் பஸ் பாஸ், டெங்குவில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம். இதையெல்லாம் எதற்குச் சேர்த்து வைக்கிறாய் என்று நான் திட்டிய காகிதங்கள். மராட்டியில் மெதுவாகக் கேட்டாள்: "இந்த ரெண்டு வருஷமும் நான் இங்கதான் இருந்தேன். அப்பா அம்மா இல்லாம, தனியாவா இருந்திருப்பேன்?"

அவர் பஸ் பாஸில் இருந்த அவள் படத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். இந்தத் தடவை மராட்டியைப் புகழவில்லை. முத்திரை குத்தி, காகிதங்களை உள்ளே அதிகாரிக்கு அனுப்பினார்.

சான்று வந்தது. முதல் பட்டியல் முடிந்த மூன்றாம் நாள் வந்தது. இரண்டாம் பட்டியலில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடமில்லை. கிடைத்தது ஹிஞ்சேவாடிக்கும் அப்பால். கம்பெனி வண்டிகளின் நெரிசலில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று நான்கு வருஷம் போய்வந்தாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணனோடு மறுபடி பேசிவிட்டேன். அவர் என்ன செய்வார். அந்த மேசையோடு மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. பால்காரருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரிந்த ஒன்றை நிரூபிக்க, என் மகள் தான் காய்ச்சலில் படுத்த காகிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

இப்போது மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம். பெங்களூரோ, ஹைதராபாத்தோ, தெரியாது. போன வாரம் சாப்பிடும்போது உங்கள் அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தலைப்பிரசவத்துக்கு இவ இங்க வரவேண்டாம். நான் போறேன். மூணு மாசம் ஆனாலும் அங்கன கெடக்கேன். பிள்ள அது வாழப்போற ஊர்லயே பொறக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மதினி கேட்டால் வாயில் அடித்துக்கொள்வாள். நான் மறுத்துப் பேசவில்லை.