கூரைக்கு வெளியே சோறு

மகள் வீட்டு மாடியில், மழையில் நனைந்த கம்பளியை இன்று பிழிந்து போட்டபோது எழுந்த வாசம், வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியிருந்த லயன் வீடுகளில் நாங்கள் இருந்த வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள்.

வாரம் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக் கை காய்த்துப்போய் வரும் அப்பா, மழைக்குப் போர்த்திப்போன ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலே காயப்போட்டதுமே ஓடையோரம் தான் போட்டிருந்த பீன்ஸ் பாத்திக்கு இறங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சோறும் அங்கேதான். சட்டி, தட்டு, தண்ணீர்க்குடம் எல்லாம் அம்மாதான் சரிவில் சுமக்க வேண்டும். அவளும் வாரமெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்தவள்தான்.

"ஏனுங்க, ஒரு நாளைக்காச்சும் ஊட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்டா என்னங்க? கூரை என்ன உங்க தலைமேலயா உழுகுது?"

"காத்துல உக்காந்தா ரெண்டு வாய் சேந்து எறங்குது அம்மணி" என்று அப்பா சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அம்மா ஆசைப்பட்டபடி வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஆனால் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. நாங்கள் பயந்துபோய் மூலையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கி, வாசல் கல்லில் வைத்தாள்.

"வாங்க. இங்கயே குடிச்சுப்போடுங்க."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மலையைப் பார்த்தபடி ஒரு கிண்ணம் கஞ்சியை மெதுவாகக் குடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து அம்மணி."

ஊற்றிக் கொடுத்துவிட்டு, அம்மா அந்த ஈரத் தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.