இருபத்தோரு தட்டும் ஒரே படமும்

மேட்டுப்பாளையத்தில் அந்த நாளில் பத்மாவதியைத் தெரியாத பெண்கள் குறைவு. பெண் பிள்ளை பெரியவளானால் உள்வீட்டில் உட்காரவைத்துச் சீர் செய்வார்கள். அங்கே ஆம்பளை போட்டோக்காரரை யார் விடுவார்கள்? அப்துல் வஹீது பாயின் ஸ்டுடியோவில் படம் கழுவப் போனவள், படம் எடுக்கவும் பழகி, அவரிடமே பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டாள். லென்சைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற கேமரா. தொண்ணூற்று நாலு மழையில் அந்த லென்சுக்குள் பூசணம் ஏறிவிட்டது. துடைத்தால் போகிற இடமா அது? உள்கண்ணாடியில் ஒட்டடை மாதிரிப் படர்ந்திருந்தது.

அவளுக்கு வேண்டியது இருபத்தெட்டு. லென்சுக்கு அப்படி எண் உண்டு. எண் சிறுசானால் சின்ன அறையும் முழுசாக விழும். பெருசானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். சீட்டில் எழுதியே கொடுத்தாள். நீ பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று புருஷன் வேலன்தான் பழைய லென்சையும் எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் கிளம்பினான். யார் என்ன சொன்னாலும் நல்ல மனுஷன். பாக்கு மண்டியில் தராசு பிடிக்கிறவன்.

சாயங்காலம் வந்து பெட்டியை நீட்டினான். உள்ளே இருந்தது முழங்கை நீளத்துக்குப் பாதி. நூற்று முப்பத்தைந்து.

"ஏனுங்க, நான் எழுதிக் குடுத்தது இதில்லீங்களே."

"இருபத்தெட்டுக்கும் அதே வெல, நூத்தி முப்பத்தஞ்சுக்கும் அதே வெல அம்மணி. எவனாச்சும் இருபத்தெட்ட வாங்குவானா? கடக்காரன் அதத்தான் எடுத்து நீட்டுனான். நாந்தான் ஏமாறல."

பழையது எங்கே என்றாள். கடையிலேயே மாற்றுக்குக் கொடுத்துவிட்டானாம். கிட்டே இருப்பதைப் பார்க்க லென்சு எதற்கு, கண்ணு போதுமே என்றும் சொன்னான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். விடிந்தால் பங்காரம்மா வீட்டில் அவள் பெண்ணுக்குச் சீர்; படம் எடுக்க இவளைத்தான் சொல்லியிருந்தார்கள். இரவல் கேட்கலாமென்றால் பாயோ ஒரு கல்யாணத்துக்குக் கேமராவோடு பவானி போயிருந்தார்.

பங்காரம்மாவின் அண்ணன் அரங்கசாமி காரமடைக்காரர். இத்தனை கிட்டே இருந்தும், ஏதோ மனத்தாங்கலில் நாலு வருஷமாகத் தங்கச்சி வாசலை மிதிக்கவில்லை. தங்கச்சி மகள் புவனா பெரியவளானாள் என்றதும் மனசு கேட்காமல், இருபத்தோரு தட்டுச் சீரோடு வந்து இறங்கினார். தட்டுகளும் தங்கச்சியும் பொண்ணும் தானும் ஒரே படத்தில் வரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

"எங்களப் பிரிச்சுப் பேசுன சனம் பாக்கோணுமுங்க. ஒரு தட்டு விட்டுப்போகக் கூடாது."

பன்னிரண்டடி அறை. மூலையில் சீருக்கென்று கட்டிய பச்சை ஓலைக் குச்சுக்குள் புவனா. பத்மாவதி பின்னுக்குப் போய்ப் போய்ச் சுவரில் முதுகு இடித்தாள். கேமராவுக்குள் பொண்ணின் முகமும் ஒரு தோளும் தெரிந்தன, அவ்வளவுதான். தெருவுக்குப் போய் நின்று பார்த்தாள். நிலைக்கதவு பாதியை மறைத்தது. பொண்ணை வாசலுக்கு அழைத்து வரலாமா என்று மெதுவாகக் கேட்டாள். தண்ணீர் ஊற்றும் முன்னால் படி தாண்டுவதா என்று கிழவிகள் ஏறிட்டுப் பார்த்தார்கள். தனித்தனியாக எடுக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தாள்.

"தனித்தனியாத்தான் இத்தன நாளும் நின்னமுங்களே," என்றார் அரங்கசாமி.

எல்லாரும் படத்துல விழமாட்டாங்க என்று கடைசியில் சொல்லியும் விட்டாள். அவர் அதை இடம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார். தட்டுகளை நெருக்கி வைத்தார். தங்கச்சியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். நாலு வருஷமாகப் பேசாத அண்ணனும் தங்கச்சியும் தோளோடு தோள் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பங்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேமராவுக்குள் தெரிந்தது அவர் மீசையும் அவள் மூக்குத்தியும். தட்டு ஒன்றுகூட இல்லை. பொண்ணும் இல்லை.

அழுத்தினாள். வேறென்ன செய்வாள்?

படம் எப்பொழுது கைக்கு வரும் என்று கேட்டார். நாலு நாள் ஆகும் என்றாள்.

"அப்ப பாத்துப்போட்டே ஊருக்குப் போறனுங்க," என்று அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பங்காரம்மா அண்ணனுக்கு உலை வைக்க ஓடினாள்.